பெயரும் போத்தலும்

காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் நம் கை தவறுவதில்லை. உப்பு டின் எது, சீனி டின் எது என்று பார்க்காமலே எடுக்கிறோம். மலையில் நின்றால் விரல் தானாகவே கொழுந்தைக் கிள்ளுகிறது, முத்தின இலையை விட்டுவிடுகிறது. ஒவ்வொன்றையும் நின்று யோசித்தால் கூடை எப்போது நிரம்பும்? அதனால் நம் மனம் பொருள்களை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பெயரை வைத்துக்கொள்கிறது. மனம் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் சில நேரம் ஏமாந்தும் போகும்.

1. மனதில் ஒரு மாதிரி

வீட்டில் செய்து பாருங்கள். "ஒரு பறவை பேர் சொல்லு" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். காகம், கிளி, மைனா என்பார்கள். வாசலில் மேய்கிற கோழியைச் சொல்கிறவர்கள் குறைவு. கோழியும் பறவைதானே?

1970களில் அமெரிக்காவில் எலினோர் ரோஷ் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். எது நல்ல பறவை உதாரணம் என்று மாணவர்களைக் கேட்டபோது, ரொபின் என்ற சிறு பறவை முன்னுக்கு வந்தது. கோழியும் பெங்குவினும் பின்னுக்குப் போயின. மனம் பெரும்பாலும் சட்டம் பார்த்துப் பிரிப்பதில்லை. ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு, "இது அதைப் போல இருக்கா?" என்றுதான் பார்க்கிறது.

2. பெயர் செய்யும் வேலை

ஸ்டோரில் ஒரே கொழுந்துதான் அரைபட்டுக் காய்ந்து சல்லடைக்கு வருகிறது. பெரிய துகள் பி.ஓ.பி., அதைவிடச் சிறியது பி.ஓ.பி.எஃப்., மிகச் சிறியது டஸ்ட். "டஸ்ட்னா கூட்டி அள்ளின தூசிதானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது அளவைச் சொல்லும் பெயர். பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது.

'எண்ணெய்' என்ற சொல்லையும் பாருங்கள். எள்ளின் நெய் என்பதுதான் அதன் பொருள். பிறகு தேங்காய் எண்ணெய் வந்தது, மண்ணெண்ணெயும் வந்தது. ஒன்று சமைக்க, ஒன்று எரிக்க. பெயர் மட்டும் ஒன்று.

3. பிள்ளையின் கணக்கு

பேசத் தொடங்கும் பிள்ளை நாயைக் காட்டினாலும் மாட்டைக் காட்டினாலும் "நாய்" என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது உருவம்தான். அந்தப் பிள்ளைக்குச் சோடா போத்தல் என்றால் குடிக்கிற சாமான். அதற்குள் மண்ணெண்ணெயோ, புல்லுக்கு அடிக்கிற மருந்தோ இருந்தால்?

இன்னொன்று. இருமலுக்குக் குடிப்பதும் 'மருந்து', புல்லுக்கு அடிப்பதும் 'மருந்து'. "மருந்து குடிச்சாதான் சுகமாகும்" என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை தப்பு செய்யவில்லை. நாம் கொடுத்த பெயரை வைத்துத்தான் பிரிக்கிறது.

4. நாம் செய்ய வேண்டியது

• மண்ணெண்ணெய், தெளிக்கும் மருந்து எதையும் குடிக்கிற போத்தலில் ஊற்றாதீர்கள். வந்த போத்தலிலேயே, லேபலோடு, பூட்டி வையுங்கள்.
• வீட்டில் அதை 'மருந்து' என்று சொல்லாமல் 'விஷம்' என்றே சொல்லிப் பழகுங்கள்.
• பிள்ளை குடித்துவிட்டால் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் இன்னும் கெடுக்கும். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்; என்ன குடித்தது என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

இன்று இரவு விளக்கை அணைக்கும் முன் காம்பராவை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். உங்கள் கண்ணால் அல்ல, மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணால். எந்தப் போத்தல் பொய் சொல்கிறது?