குடித்து வண்டி ஓட்டுதலும் வேலைவாய்ப்பும்

— இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவன், மணலூர்பேட்டை

முன்னுரை

கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார் வள்ளுவர். திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் அது. அவர் காலத்தில் மோட்டார் சைக்கிளும் இல்லை. வேலைக்கு மனுப் போடும் வழக்கமும் இல்லை. இன்றோ குடியால் கெடுவன உடலும் குடும்பமும் மட்டுமல்ல. பாடுபட்டுப் பெற்ற பட்டமும் பயனற்றுப் போகக்கூடும். அது எவ்வாறு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவில் ஓர் எல்லையை வகுத்துள்ளது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டினால் குற்றம். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இவையன்றி, ஓட்டுநர் உரிமத்துக்குக் குறைந்தது 6 மாதத் தடையும் உண்டு.

இந்த அளவை ஊதச் சொல்லிக் கண்டறிகிறார்கள். வேதியியல் மாணவர்க்கு இது புதிதன்று. நுரையீரலில் இரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே ஆல்கஹால் ஹென்றி விதிப்படி பங்கிடப்படுகிறது. ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் உள்ள ஆல்கஹால், 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம். பாக்கு மென்றால் வாடை மறையலாம். கருவி காட்டும் எண் மறையாது.

அபராதம் கட்டினால் தீர்ந்ததா?

எங்கள் மணலூர்பேட்டைப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, “ஒரு கட்டிங்தானே” என்று குடித்துவிட்டு வண்டியை எடுப்பவர்கள் உண்டு. பிடிபட்டால், “ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது” என்பார்கள். பெரும் அறியாமை இங்கேதான் இருக்கிறது.

தலைக்கவசம் அணியாத குற்றத்தைக் கட்டணம் செலுத்திச் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 185-ஆம் பிரிவுக்கு அந்தச் சலுகை இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்கே போகும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர், சட்டத்தின் கண்ணில் தண்டனை பெற்றவரே ஆவார். வழக்கு முடியாமல் நிலுவையில் இருந்தாலோ, 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். நீதிமன்ற அனுமதி பெற்றாக வேண்டும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

படிவத்தின் கேள்வி

மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர் நிரப்பும் உறுதிமொழிப் படிவத்தில், கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா என்பதோடு, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா என்றும் கேட்கிறார்கள். “போலீஸ் வெரிபிகேஷன்” என்று நாம் சொல்லும் விசாரணையில் இந்தப் பதில்கள் ஒத்துப் பார்க்கப்படும்.

இதில் வழிகாட்டுவது, அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் அளித்த தீர்ப்பு. அதன் சாரம் வருமாறு:

1. கேட்ட விவரத்தை உண்மையாகத் தர வேண்டும்; மறைத்தல் கூடாது.
2. மறைத்த குற்றம் மிக அற்பமானதாயின் நிர்வாகம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.
3. உண்மையைச் சொன்னாலும், வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை.
4. படிவம் கேளாததைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவரைக் குறை கூற முடியாது.

தமிழ்நாடு காவல் பணிக்கு விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனால் விடுதலை பெற்றவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். வண்டி ஓட்டுவதே தொழிலானால் சொல்லவே வேண்டாம். உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படையின் ஓட்டுநர் ஒருவர் குடித்துவிட்டு, காவலர்களை ஏற்றிய லாரியை ஓட்டி ஜீப்பில் மோதினார். பெரிய சேதம் நேராதது வெறும் அதிர்ஷ்டமே என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 25 ஆண்டுப் பணியையும் அவர் இறந்துவிட்டதையும் எண்ணி, பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மட்டுமே குறைத்தது.

மறுபக்கம்

தண்டனை, குற்றத்தின் அளவுக்கு மிஞ்சலாமா? நிறுத்தக்கூடாத இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திய அரசு ஊழியரை அதற்காக வேலையை விட்டு நீக்குவது முறையாகாது என்ற கருத்தை, 1985-இல் சங்கர் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளியிட்டது. குடித்து ஓட்டுவது அத்தகைய சிறு தவறு அன்று. பிறர் உயிரைப் பணயம் வைக்கும் செயல். ஆயினும் இருபது வயதில் செய்த ஒரு குற்றம் நாற்பது வயதிலும் துரத்த வேண்டுமா? பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தவரின் சிறு தண்டனைகளைக் காலாவதியானவையாகக் கருத வழி செய்கிறது. நம் நாட்டிலும் வயது வந்தோர்க்கு அப்படியொரு பொதுச் சட்டம் வருவது நலம் என்பது என் கருத்து.

முடிவுரை

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இக்கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். படிவத்தை வாசித்து விளக்க நம் வீட்டில் ஆள் இல்லை, “இல்லைன்னு எழுதிடு, யாருக்குத் தெரியும்?” என்று சொல்லும் நண்பர்களுக்கோ குறைவில்லை. அந்த ஒரு சொல்லே வேலையைப் பறித்துவிடலாம். ஆகவே மாணவ நண்பர்களே, குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வழக்கு இருப்பின், தீர்ப்பின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டி, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உண்மை வேலையை வாங்கித் தரும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பொய்யால் கிடைத்த வேலை எந்த நாளும் பறிபோகலாம்.