அயிரை: பெயரும் வாழிடமும் (சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து)

முன்னுரை

மேட்டூருக்குக் கீழே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் எல்லையை ஒட்டிச் செல்லும் காவிரியிலும், அதனோடு கலக்கும் சிற்றாறுகளிலும், வாய்க்கால்களிலும் வாழும் சிறு நன்னீர் மீன்களுள் அயிரை குறிப்பிடத்தக்கது. விலங்கியலார் இதனை லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்பர். அயிரை என்னும் பெயர் இம்மீனின் உயிரியலோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதையும், அப்பொருத்தம் இச்சமவெளியின் இன்றைய ஆற்றுநிலை குறித்து உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர்

அயிர் என்பதற்கு நுண்மை, நுண்மணல் என்னும் பொருள்களை அகராதிகள் தருகின்றன. அச்சொல்லடியாகப் பிறந்தது அயிரை எனக் கொள்வதற்கு மீனின் வாழ்முறையே சான்றாகிறது. பகலில் பெரும்பாலும் மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு, கண்ணும் வாயும் மட்டும் தெரியக் கிடப்பது இதன் இயல்பு. மேனியின் வெளிர்மஞ்சள் நிறமும் அதன்மேற் படர்ந்த கரும்புள்ளிகளும் மணற்பரப்பினின்று இதனைப் பிரித்தறிய இயலாதவாறு செய்கின்றன.

அறிவியற்பெயர் வந்த வழி வேறு. ஈழத்தில் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றிலிருந்து பெறப்பட்ட மீனைக்கொண்டு 1846இல் வலான்சியன் இதனை விவரித்தார். வெப்பத்தைச் சுட்டும் 'தெர்மாலிஸ்' என்னும் அடை அவ்வூற்றினால் அமைந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக வாழும் இம்மீனுக்கு வெந்நீர் பொது வாழிடமாகாது. மீனின் அன்றாட இருப்பை உணர்த்துவதில் தமிழ்ப்பெயரே துல்லியமானது எனலாம்.

சங்கப் பாடல்களில் வரும் அயிரை அனைத்தும் இம்மீனே எனத் துணிவதற்குத் தடை உண்டு. குறுந்தொகை 178ஆம் பாடல் அயிரை பரவிய பழனத்தையும் அங்கு ஆம்பல் பறிப்போரையும் காட்டுகிறது. இது மருதநிலம், நன்னீர் மீனுக்கு ஏற்ற இடம். ஆனால் 128ஆம் பாடலில் கீழ்க்கடற்கரையில் இருக்கும் முதிய நாரை, தொண்டித் துறையின் அயிரையை நாடுகிறது. 166ஆம் பாடலிலும் நாரைகள் அயிரையை உண்பது கடற்கரையில்தான். தெர்மாலிஸ் கடல்நீரில் வாழ்வதன்று. ஆகவே நுண்மணலை ஒட்டி வாழும் சிறுமீன்கள் பலவற்றுக்கும் அயிரை பொதுப்பெயராக வழங்கியிருக்கலாம் எனக் கொள்வதே பொருத்தமாகும். (பதிற்றுப்பத்தில் வரும் அயிரைமலை தனி ஆய்வுக்குரியது.)

அயிரையைத் தூண்டிலில் கோத்து வராலைப் பிடிக்கும் செய்தி பழமொழியாகவும் வழங்குகிறது. சிறிதைக் கொடுத்துப் பெரிதைப் பெறுதல் என்பது அதன் கருத்து. இன்றைய சந்தையிலோ அயிரையின் விலை வராலின் விலையை விஞ்சி நிற்பது வழக்கமாகிவிட்டது.

உடலமைப்பும் சுவாசமும்

முதிர்ந்த மீனும் விரல் நீளத்தைக் கடப்பது அரிது. வாயைச் சூழ்ந்த மீசைகள் கலங்கல் நீரிலும் இருளிலும் இரையைத் தொட்டறிய உதவுகின்றன. மணலை வாயால் அள்ளி, அதிலுள்ள பாசித்துணுக்கு, புழு, பூச்சிகளின் இளவுயிரி ஆகியவற்றை உட்கொண்டு, எஞ்சிய மணலைச் செவுள் வழியே வெளியேற்றும். கண்ணுக்குக் கீழே கவைத்த முள் ஒன்று உண்டு. பகைவரிடம் சிக்குங்கால் அது நிமிரும். ஆண்மீனின் மார்புத்துடுப்பில் உட்புறக் கதிர்கள் இரண்டு இணைந்து தடித்திருப்பதால் ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்தலாம்.

இதன் குடல்வழிச் சுவாசம் தனித்துக் கருதத்தக்கது. நீரில் உயிர்வளி குறையும்போது அயிரை மேற்பரப்புக்கு விரைந்து காற்றை விழுங்கி மீண்டும் அடியில் இறங்கும். இரத்தநுண்குழல்கள் செறிந்த குடற்பகுதி அக்காற்றிலிருந்து உயிர்வளியை ஈர்த்துக்கொள்ள, எஞ்சியது எருவாய் வழியே வெளியேறும். கோடையில் வற்றி ஒடுங்கும் குட்டைகளிலும் வயல்வாய்க்கால்களிலும் இது பிழைத்திருப்பதற்கும், சிறிதளவு நீரில் உயிருடன் சந்தைக்குக் கொண்டுசெல்லப்படுவதற்கும் இத்திறனே காரணம்.

மணலின் நிலை

சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரின் ஊடே சென்று நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடையும் திருமணிமுத்தாற்றில் நகரக் கழிவும் சாயக்கழிவும் கலக்கின்றன. மரவள்ளிக்கிழங்கிலிருந்து சவ்வரிசி எடுக்கும் ஆலைகளின் கழிவுநீர் நீர்நிலையை அடையுமாயின், அதிலுள்ள மாவுப்பொருள் அழுகி உயிர்வளியை விரைந்து தீர்த்துவிடும். முதிர்ந்த அயிரை மேலெழுந்து காற்றை விழுங்கி இதனை ஒருவாறு தாங்கும். முட்டைக்கும் குடல் வளர்ச்சியுறாத குஞ்சுக்கும் அவ்வழி இல்லை. எனவே முதிர்ந்த சில மீன்கள் காணப்படுவதைக்கொண்டு அந்நீர் இம்மீனுக்கு ஏற்றது எனக் கணித்தல் பிழையாகும்.

மணல் இழப்பு இதனினும் கடுமையானது. 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, மேலிருந்து வரும் மணலைத் தேக்கத்துள் நிறுத்திவிட்டது. அதன் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் மின்னாக்கத்துக்காக எழுந்த கதவணைகள் ஓடும் ஆற்றைத் தொடர்குளங்களாக மாற்றியுள்ளன. தேங்கிய நீரில் வண்டல் படிந்து நுண்மணலை மூடுகிறது. எஞ்சிய மணலைக் கட்டுமானத் தேவை கொண்டுபோனது. அள்ளப்பட்ட இடத்தில் வெளிப்படும் பாறையிலும் களியிலும் அயிரை புதைய இயலாது. குடல்வழிச் சுவாசமும் அங்கு அதற்கு மறைவிடம் தராது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் இம்மீனை அச்சம் குறைந்த வகையில் வைத்துள்ளது. இம்மதிப்பீடு இனத்தின் முழுப் பரப்பையும் தழுவியது. மேட்டூர் முதல் மோகனூர் வரையிலான ஆற்றுப்பகுதிக்கு அதனை அப்படியே பொருத்துதல் ஆகாது. இப்பகுதியில் மேற்கொள்ளப்படும் மீன்கணக்கெடுப்பில் நீரின் தன்மையோடு படுகையில் எஞ்சியுள்ள மணலின் ஆழமும் நுண்மையும் இடந்தோறும் அளந்து பதியப்பெறுதல் வேண்டும்.