ஃப்ளேம்ப்ரூஃப் டிரில்: வெடிப்பை உள்ளேயே அடக்கும் பெட்டி

நம்ம ஒர்க்‌ஷாப் ஹேண்ட் டிரில்லை ஆன் பண்ணி, காற்றுத் துளை வழியா உள்ளே பாருங்க. பிரஷ் பக்கத்தில் குட்டிக் குட்டி நீலப் பொறிகள் தெரியும். இங்கே அதனால் ஒன்றும் ஆகாது. நிலக்கரிச் சுரங்கத்தில் அதே பொறி பல உயிர்களை எடுத்துவிடும்.

காரணம் மீத்தேன். நிலக்கரி அடுக்கிலிருந்து கசியும் இந்த வாயு, காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். பற்றவைக்க 0.28 மில்லிஜூல் அளவு ஆற்றலே போதும். 1913-இல் வேல்ஸில் செங்ஹெனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மின்மணி சிக்னல் கருவியின் பொறி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போது எழுந்தது.

ஆனாலும் வெடிமருந்து வைக்க நிலக்கரியில் துளை போட்டாகணும். சுரங்க டிரில்லில் இருப்பது மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார், பிரஷ் கிடையாது. சரி, சுவிட்ச்சில் வரும் பொறியை என்ன செய்வது?

"கேஸ் புகாம சீல் பண்ணிடலாமே" என்று தோணும். அது நிலைக்காது. மோட்டார் சூடாகி ஆறும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று விரிந்து சுருங்கும். வெளிக்காற்று எப்படியும் உள்ளே வரும். அதனால் ஃப்ளேம்ப்ரூஃப் டிசைன் வேறு வழியில் யோசிக்கிறது: உள்ளே வெடித்தால் வெடிக்கட்டும், வெளியே பரவக்கூடாது.

அதற்குப் பெட்டி இரண்டு வேலை செய்யணும்.

1. வெடிப்பின் அழுத்தத்தை உடையாமல் தாங்கணும்.

2. மூடியும் உடலும் சேரும் உலோக இடுக்கு வழியே வெளியேறும் சூடான வாயு, வெளியே உள்ள மீத்தேனைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு ஆறிவிடணும். 25 மி.மீ. நீள இணைப்பில் மீத்தேனுக்கான எல்லை இடைவெளி 1.14 மி.மீ.; டிசைனில் அதைவிட நன்றாகக் குறைத்தே வைப்பார்கள்.

இதோடு வேறு பாதுகாப்புகளும் உண்டு. இந்தியச் சுரங்கங்களில் கையில் பிடிக்கும் கருவிக்கு 125 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மீத்தேன் 1.25 சதவீதத்தைத் தாண்டினால் மின்சாரத்தை உடனே நிறுத்தணும். பிளக்கைக் கழற்றினால் பைலட் சர்க்யூட் அறுந்து பேனல் ட்ரிப் ஆகும்.

தன்பாத்தில் உள்ள சிம்ஃபர் ஆய்வகம் இத்தகைய கருவிகளைச் சோதிக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் அனுமதி தருகிறது. ஆனால் அந்த அனுமதி, சோதனையில் தேறிய அதே அமைப்புக்குத்தான். ரிப்பேருக்குப் பிறகு ஒரு போல்ட் விட்டுப்போனாலும், ஃபிளாஞ்சில் ஆழமாகக் கீறல் விழுந்தாலும் இடைவெளி மாறிவிடும். அப்போது டிரில் வழக்கம்போல ஓடும், சர்டிபிகேட்டும் ஃபைலில் இருக்கும்; பாதுகாப்பு மட்டும் இருக்காது.

வைவாவில் "ஃப்ளேம்ப்ரூஃப்னா என்ன?" என்று கேட்டால், "கேஸ் புகாத பெட்டி" என்று சொல்லிடாதீங்க!