உப்புப் பூக்கும் வயல்



ஐரோப்பாவில் கோடை வந்துவிட்டால் மக்கள் குடும்பம் குடும்பமாக ஒரு வயலைப் பார்க்கக் கிளம்புவார்கள். அது லாவண்டர் வயல். தெற்குப் பிரான்சிலும் இங்கிலாந்தின் சில பகுதிகளிலும் ஜூன், ஜூலை மாதங்களில் அந்தச் செடி வரிசை வரிசையாக ஊதா நிறத்தில் பூத்து நிற்கும். சில பண்ணைகளில் வருவோர் கையில் ஒரு பையையும் கத்தரியையும் கொடுத்துவிடுவார்கள். வேண்டிய பூவை நீங்களே வெட்டிக் கொள்ளலாம். பைக்குரிய விலையைக் கொடுத்தால் போதும். நம் நாட்டிலும் ஜம்முவில், தோடா மாவட்டத்துப் பதர்வாவில், உழவர்கள் லாவண்டர் பயிரிடுகிறார்கள். 2022 மே மாதத்தில் அங்கே ஒரு லாவண்டர் திருவிழாவே நடந்தது.

நம் கடற்கரையில் இந்தச் செடி வளருமா என்று கேட்பீர்கள். வளராது. அதற்குக் குளிர்ந்த பனிக்காலமும் உலர்ந்த கோடையும் வேண்டும். நம் கரையின் புழுக்கத்தில் அதன் வேர் அழுகிவிடும். ஆனால் அதே கோடை மாதங்களில், அதே போலப் பாத்தி பாத்தியாகப் ‘பூத்து’ நிறம் மாறி அறுவடைக்கு வரும் வயல் ஒன்று நம்மிடமும் உண்டு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 120 கி.மீ. சென்றால் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரும். அங்குள்ள உப்பளங்களைத்தான் சொல்கிறேன். உப்பு ‘பூத்தது’ என்றும் ‘விளைந்தது’ என்றும் நம் மக்கள் சொல்வது வெறும் பேச்சு வழக்கன்று. அதில் அறிவியல் இருக்கிறது.

பாத்தி பாத்தியாகக் கடல்

உப்பளத்தை முதன்முறை பார்ப்பவர்கள், கடல்நீரைத் தேக்கிக் காய வைத்தால் உப்பு வந்துவிடும் என்று எண்ணுவார்கள். அப்படிச் செய்தால் வருவது உப்புதான். ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் சோறு சமைக்கப் பயன்படும் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 27 கிராம். எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். இவற்றில் மக்னீசிய உப்புகள் கசக்கும். பல பொருள்கள் கரைந்த ஒரு கலவையிலிருந்து ஒன்றை மட்டும், அதுவும் வெறும் வெயிலையும் காற்றையும் வைத்து, எப்படிப் பிரிப்பது?

விடை எளியது. எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. 1849இல் உசிக்லியோ என்ற வேதியியலார் மத்தியதரைக் கடலின் நீரைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி, எது எப்போது படிகிறது என்று எடைபோட்டுப் பார்த்தார். நீரின் கன அளவு ஏறத்தாழப் பாதியாகும்போது சுண்ணாம்பு படிகிறது. ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் படியத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகுதான் சோடியம் குளோரைடு தலைகாட்டுகிறது. மக்னீசிய உப்புகளோ கடைசி வரை நீரை விட்டு வெளியே வர விரும்புவதில்லை.

உசிக்லியோ குடுவையில் கண்ட இந்த வரிசையைத்தான் உப்பளத்தில் நிலத்தின் மேல் விரித்து வைத்திருக்கிறார்கள். உப்பங்கழி வழியாக வரும் உவர்நீர் முதலில் பெரிய தேக்கங்களில் நிற்கிறது. வண்டலும் சுண்ணாம்பும் அங்கே தங்கிவிடுகின்றன. அடுத்தடுத்த பாத்திகளில் நீர் கெட்டிப்பட்டு ஜிப்சத்தை இழக்கிறது. கடைசியாக வரும் சிறிய, ஆழமில்லாத பாத்திகளில்தான் உப்பு விளைகிறது. ஆக, நீங்கள் தேக்கத்திலிருந்து கடைசிப் பாத்தி வரை வரப்பில் நடந்தால், பல நாள்களில் நடக்கும் ஒரு வேதியியல் சோதனையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறீர்கள்.

நீர் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதைப் போமே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்கும் அளவையில் கணக்கிடுவர். மிதவைமானியை நீரில் விட்டால் அது எவ்வளவு மேலே நிற்கிறதோ அதைக் கொண்டு பாகையைப் படிக்கலாம். கடல்நீர் 3½ பாகை. 25 பாகையில் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 பாகைக்கு மேல் விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். எனவே அதற்குமுன் அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். உப்பு எடுப்பதில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எப்போது வெளியேற்றுவது என்பதே பெரிய வித்தை. அனுபவமுள்ள தொழிலாளி கருவி இல்லாமலே, நீரின் நிறத்தையும் மேலே மிதக்கும் ஏட்டையும் பார்த்துப் பதம் சொல்லிவிடுவார்.

அந்த ஏட்டைக் குனிந்து பாருங்கள். பால் காய்ச்சும்போது படியும் ஆடை போல இருக்கும். உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் தலைகீழாக மிதக்கும் குட்டிப் பிரமிடு. நீரைவிடக் கனமான உப்புப் படிகம், நீரின் பரப்பு இழுவிசையால் மூழ்காமல் நிற்கிறது. விளிம்பில் மட்டும் வளர்ந்து நடுவில் பள்ளமாகிறது. கனம் தாளாதபோது அடியில் இறங்குகிறது. உப்பு ‘பூப்பது’ இதுதான்.

நிறம் எங்கிருந்து வந்தது?

இப்போது லாவண்டருக்குத் திரும்புவோம். அந்தப் பூவின் ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. உப்பளத்திலும் நிறம் உண்டு. தேக்கத்தில் நீர் பசுமை கலந்திருக்கும். கடைசிப் பாத்திகளில் கோடை உச்சத்தில் அது இளஞ்சிவப்பாகவும் சில சமயம் செந்நீல ஊதாவாகவும் மாறக்கூடும். யாரோ சாயம் கலந்துவிட்டதாக எண்ணுவோரும் உண்டு. கலந்தவை நுண்ணுயிர்கள்.

முதலாவது, டூனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி. பாசி என்றால் பச்சைதானே? ஆனால் உப்பும் வெயிலும் மிகும்போது இது கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைத் தன்னுள் நிரப்பிக் கொண்டு ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. கடும் வெயிலுக்கு அது பிடிக்கும் குடை அந்த நிறமி.

இரண்டாவது, ஹாலோபாக்டீரியம். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இது பாக்டீரியா அன்று. 1977இல் கார்ல் வோஸ் தனிப் பிரிவாகக் காட்டிய ஆர்க்கியா வகையைச் சேர்ந்தது. பெயர் முன்பே வைத்தாகிவிட்டது, மாற்றவில்லை! நாம் ஊறுகாயில் உப்பிடுவது நுண்ணுயிர்கள் வாழாதிருக்கத்தானே? இதற்கோ உப்பு குறைந்தால் ஆகாது. நன்னீரில் விட்டால் செல் சிதைந்து இறந்துவிடும். இதன் சிவப்புக்குக் காரணம் கரோட்டின் இனத்தைச் சேர்ந்த ஒரு நிறமி. ஊதாவுக்குக் காரணம் வேறு. 1971இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கினியஸ் என்ற இரு அறிஞர்கள் இதன் செல் சவ்வில் ஓர் ஊதாப் புரதத்தை இனம் கண்டார்கள். அதற்கு பாக்டீரியோரோடாப்சின் என்று பெயரிட்டார்கள். நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சினில் உள்ள அதே ரெட்டினால் என்ற பொருள் இதிலும் இருக்கிறது. இந்தப் புரதம் பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. எஞ்சிய சிவப்பும் நீலமும் கலந்து நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகிறது. உறிஞ்சிய ஒளியைக் கொண்டு ஹைட்ரஜன் அயனிகளைச் செல்லுக்கு வெளியே இறைத்து, அதிலிருந்து ஆற்றல் பெறுகிறது. பச்சையமே இல்லாமல் சூரிய ஒளியில் வாழும் வழி இது.

இந்த நிறம் உப்பளத்துக்கு உதவியும் செய்கிறது. நிறமுள்ள நீர் தெளிந்த நீரைவிட அதிக வெயிலை உறிஞ்சிச் சூடாகும், விரைவாக ஆவியாகும். பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வாழும் உப்புநீர் இறாலைப் பூநாரைகள் தின்கின்றன. அவற்றின் சிறகுச் சிவப்பும் இந்தக் கரோட்டின் வழி வந்ததே. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. போகிறவர்கள் அதையும் பார்த்து வாருங்கள்.

ஏன் கோடையில் மட்டும்?

‘வெயில் அதிகம்’ என்று உடனே சொல்வீர்கள். பாதி விடைதான். காற்றின் ஈரப்பதம் மற்றொரு பாதி. உப்பு பூக்கும் நிலையிலுள்ள கெட்டியான நீர், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஆவியாகாது; மாறாகக் காற்றிலிருந்து நீரை வாங்கிக் கொள்ளும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்; அது 33 விழுக்காட்டிலேயே நீர் வாங்கும். எனவே உலர்ந்த காற்று வீசும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களே நல்ல விளைச்சல் காலம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுவிடும்.

இடையில் ஒரு மழை பெய்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் பாத்தியில் 1 செ.மீ. மழை என்பது ஏறத்தாழ 40,000 லிட்டர் நன்னீர். ஒரு லிட்டர் நீர் 360 கிராம் உப்பைக் கரைக்கும். ஆக, அந்த ஒரு செ.மீ. மழைக்கு 14 டன் உப்பைக் கரைக்கும் வல்லமை உண்டு! நன்னீர் இலேசானதால் முதலில் மேலே மிதக்கும். உடனே மேல்நீரை வடித்தால் ஓரளவு தப்பலாம். காற்றடித்துக் கலந்துவிட்டால் பல நாள் உழைப்பு போயிற்று. அதனால்தான் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்துப் பனையோலையாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ மூடுகிறார்கள். 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

இந்த வேலையில் இருப்போர் விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறியபின் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கும். உப்புநீரில் நின்று காலில் வெடிப்பு வரும். மழைக்கால மாதங்களில் வருமானமே இல்லை. நாம் உப்பின் விலையைப் பேசும்போது இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாமே அள்ளலாமா?

லாவண்டர் பண்ணையைப் போல உப்பளத்தில் நாமே வாரிக் கொள்ளலாமா? கூடாது. விளையும் பாத்தியின் தரையைத் தொழிலாளர்கள் பல நாள் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். நம் செருப்புக் கால் பதிந்தால் சேறு கிளம்பி உப்பு கறுத்துவிடும். வரப்பில் நின்றே பாருங்கள். கேட்டால் அம்பாரத்திலிருந்து ஒரு கைப்பிடி மகிழ்ச்சியோடு தருவார்கள்.

ஒரு காலத்தில் அந்தக் கைப்பிடியே சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆங்கிலேய அரசின் உப்புச் சட்டத்தை மீறி, 1930 ஏப்ரல் 30இல் ராஜாஜி வேதாரணியக் கரையில் உப்பை அள்ளிக் கைதானார். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே, உப்பு கிடைக்கும் இடங்களை அடுத்த கிராமத்தார் தம் வீட்டுக்கென அதை எடுத்துக் கொள்ள இசைவு கிடைத்தது.

போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் நீரில் புதிய கோழி முட்டை ஒன்றை இடுங்கள், மூழ்கும். உப்பை எடைபோட்டு 10 கிராம், 10 கிராமாகக் கரைத்து வாருங்கள். ஏறத்தாழ 120 முதல் 140 கிராமுக்குள் முட்டை மிதக்கும். அப்போது உங்கள் நீர் 11 பாகையை ஒட்டியிருக்கிறது. உப்பு பூக்க இன்னும் வெகுதூரம். இப்போது சொல்லுங்கள்: மரக்காணத்துக் கடலில் அந்த முட்டையை விட்டால் மிதக்குமா? எந்தப் பாத்தியில் மிதக்கத் தொடங்கும்?