சாப்பிட்ட பின் இரத்தத்தில் கொழுப்பு: பீன்ஸ் விதைகளால் ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நீரிழிவு ஒரு தலைப்பாகவும் இதய நோய் மற்றொரு தலைப்பாகவும் வருகின்றன. இரண்டையும் இணைக்கும் கண்ணியை மாணவர்கள் அறிவது அவசியம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. வடகவுஞ்சியில் என் வகுப்புக் குழந்தைகளின் வீடுகளிலும் மாத்திரை எடுத்துக்கொள்ளும் தாத்தா, பாட்டிகள் இருக்கிறார்கள்.

முதலில் கருத்து. உணவுக் கொழுப்பு குடலில் செரித்து, கைலோமைக்ரான் என்னும் நுண்துகள்களாகி, நிணநீர் வழியே இரத்தத்தை அடைகிறது. இத்துகள்களில் பெரும்பகுதி டிரைகிளிசரைடு. உண்ட 3, 4 மணி நேரத்தில் இதன் அளவு உச்சம் தொட்டு, பிறகு படிப்படியாக இறங்கும். லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்னும் நொதியே இதைப் பிரித்து, தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் தருகிறது. கொழுப்புத் திசுவில் இந்நொதியைத் தூண்டுவது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சரிவரச் செயல்படாததால் நொதியின் வேகம் குறைகிறது. கல்லீரலும் கூடுதல் கொழுப்புத் துகள்களை வெளிவிடுகிறது. அரைகுறையாகப் பிரிந்த எச்சத் துகள்கள் நீண்ட நேரம் சுற்றி, தமனிச் சுவருக்குள் புகுந்து படிகின்றன. தமனி அடைப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்று 1979இல் சில்வர்ஸ்மிட் என்ற அறிவியலாளர் எடுத்துரைத்தார்.

இனி செயல்பாடு. இரண்டு குழுக்கள், ஆளுக்கொரு தட்டு. தட்டுதான் இரத்தம், பீன்ஸ் விதைதான் கொழுப்பு. முதல் மூன்று சுற்றுகளிலும் தட்டில் 10 விதைகள் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ‘நொதி’யாக இருக்கும் மாணவர் முதல் குழுவில் 8 விதைகளையும், இரண்டாம் குழுவில் 4 விதைகளையும் எடுப்பார். மூன்றாம் சுற்று முடிவில் 6, 18 என மிஞ்சும். நான்காம் சுற்றில் விதை போடுவதில்லை. முதல் தட்டு காலியாகும். இரண்டாவதில் 14 இருக்கும். அதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு வந்துவிட்டால்? மாணவர்களே வரைபடம் வரைந்து விடை சொல்லட்டும். இவை மாதிரி எண்களே, இரத்த அளவுகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிற்றுப் பரிசோதனை இரத்தத்தின் ஒரு நேரத்து நிலையை மட்டும் காட்டும். நாளின் பெரும்பகுதியை நாம் உண்ட நிலையில்தான் கழிக்கிறோம். இதை வரைபடத்திலிருந்தே மாணவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுசெல்ல இரண்டு செய்திகள். நடக்கும்போது தசைகள் கொழுப்பை எரிக்கின்றன, நொதியும் ஊக்கம் பெறுகிறது. எண்ணெய்ப் பலகாரத்தோடு இனிப்பும் சேர்ந்தால் டிரைகிளிசரைடு ஏறுகிறது. மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்ல வேண்டியது. அதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும்.