சமமானவரோடு சமமாக: சிறப்புப் பிள்ளைகளின் கால்பந்து தரும் பாடம்




நம் மஹல்லாவில் நிக்காஹ் என்றால் கூடுகிறோம். ஜனாஸா என்றால் கூடுகிறோம். பெருநாள் தொழுகைக்கு ஊரே திடலுக்கு வருகிறது. ஆனால் சில வீட்டுப் பிள்ளைகளை மட்டும் இந்த எந்த இடத்திலும் நாம் காண்பதில்லை. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, வயது இருபதாகியும் அறிவு வளர்ச்சி ஏழெட்டு வயதில் நின்றுவிட்ட பிள்ளை. அவர்களின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் அவர்கள் இல்லை.

இம்மாதப் பாடம் அவர்களைப் பற்றியது. இத்தகையவர்களுக்காகப் பிரிட்டனில் நடக்கும் தேசிய விளையாட்டு விழாவையும், அதில் கால்பந்து ஆடும் வட்டார அணிகளையும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஷெஃபீல்டில் கூடிய அணிகள்

பாராலிம்பிக்ஸ் பற்றி நம்மில் பலர் அறிவோம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்பது வேறு அமைப்பு. அது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே உருவானது. அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற பெண்மணி 1962ஆம் ஆண்டு தம் வீட்டுத் தோட்டத்தில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். அவருடைய சகோதரி ரோஸ்மேரிக்கும் இக்குறைபாடு இருந்தது. அந்தத் தோட்டத்து முயற்சிதான் வளர்ந்து, 1968 ஜூலை 20 அன்று சிகாகோவில் முதல் சர்வதேசப் போட்டியாக நடந்தது.

பிரிட்டனில் இவ்வமைப்பு 1978இல் தொடங்கியது. அங்கே தேசிய விழா பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெவ்வேறு நகரங்களில் நடந்துவந்துள்ளது. 2017 ஆகஸ்டில் ஷெஃபீல்டு நகரில் நடந்த விழாவுக்குச் சுமார் 2,600 வீரர் வீராங்கனைகள் வந்தார்கள். உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகம் 1857இல் தோன்றியது அந்த ஊரில்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்தின் பல வட்டாரங்கள் என்று ஒவ்வொரு பகுதியும் தன் பெயரைச் சட்டையில் தாங்கிய அணியை அனுப்புகிறது. வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டியவர் என்று ஊர் நினைத்த ஒருவர், அந்த ஊரின் பிரதிநிதியாகக் களம் இறங்குகிறார்.

திறமைக்குத் தக்க பிரிவு

இவ்வமைப்பின் விதிகளில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அணிகளைப் பிரிக்கும் முறை. அறிவுசார் குறைபாடு எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருவர் விசில் சத்தம் கேட்டதும் புரிந்துகொள்வார். இன்னொருவருக்கு எந்தப் பக்கம் பந்தை அடிக்க வேண்டும் என்பதையே பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். இருவரையும் ஒரே களத்தில் எதிரெதிரே நிறுத்தினால் ஒருவர் பன்னிரண்டு கோல் போடுவார். மற்றவர் அழுதுகொண்டு வெளியேறுவார்.

ஆகவே முதலில் சிறு சிறு ஆட்டங்கள் வைத்துப் பார்க்கிறார்கள். பந்தை உருட்டிச் செல்வது, வாங்கிக் கொடுப்பது, கோலை நோக்கி அடிப்பது எல்லாம் கவனிக்கப்படுகின்றன. பிறகு வயது, பாலினம், திறமை மூன்றையும் பார்த்து, ஏறத்தாழ ஒரே தரத்து அணிகளை ஒரு பிரிவில் சேர்க்கிறார்கள். பதக்கம் அந்தந்தப் பிரிவுக்குள் தீர்மானமாகிறது. முதல் மூன்று இடங்களுக்குப் பதக்கம். நான்கு முதல் எட்டு வரை வருபவர்களுக்கு ரிப்பன்.

எல்லோருக்கும் இரக்கப்பட்டுப் பரிசு கொடுத்து அனுப்பும் ஏற்பாடு என்று இதை எண்ணிவிடக் கூடாது. அங்கே தோல்வி உண்டு, போட்டி உண்டு, வியர்வை உண்டு. தன்னால் எட்டக்கூடிய வெற்றியை எதிரே வைத்து ஓடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். யாருடைய சக்திக்கும் மீறி அல்லாஹ் சுமத்துவதில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் முடிவில் ஓதுகிறோம். சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது. சக்திக்கு உட்பட்டதைச் செய்யும் வாய்ப்பைப் பறிக்கவும் கூடாது.

அமானிதம்

இந்த முறையில் ஏமாற்ற வழி இருக்கிறது. தரம் பார்க்கும் ஆட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஆடி, எளிய பிரிவில் இடம்பிடித்து, பிறகு முழு பலத்தைக் காட்டலாம். அதைத் தடுக்கவும் விதி உண்டு. எல்லா ஆட்டத்திலும் நேர்மையாக முழு முயற்சியோடு ஆட வேண்டும். இல்லையென்றால் அணி தகுதி இழக்கும். அறிவு குறைந்தவர்கள் என்று உலகம் சொல்பவர்களிடம் இந்த நேர்மை எதிர்பார்க்கப்படுகிறது.

அறிவு நிறைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்ஸில் ஸ்பெயினின் அறிவுசார் குறைபாடு உடையோர் கூடைப்பந்து அணி தங்கம் வென்றது. அந்த அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. இதன் விளைவாக உண்மையான குறைபாடு உள்ள வீரர்கள் அனைவரும் பாராலிம்பிக்ஸுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2012 லண்டன் போட்டியில்தான் சில விளையாட்டுகளில் அவர்களுக்கு மறுபடி இடம் கிடைத்தது. பொய்ச் சான்றிதழ் வாங்கிச் சலுகை பெறுபவர் யாருடைய பங்கைத் தின்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

சேர்ந்து ஆடும் அணி

குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் முறையும் உண்டு. ஐவர் ஆட்டத்தில் களத்தில் மூவர் குறைபாடு உள்ளவர்கள், இருவர் துணை ஆட்டக்காரர்கள். துணைக்கு வந்தவரே பந்தை வைத்துக்கொண்டு எல்லா கோலும் போட்டால் அது இந்த ஆட்டமே ஆகாது. பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர்தான் அங்கே நல்ல ஆட்டக்காரர். நம் வீட்டு அண்ணன் தம்பிகளுக்கும், மதரஸா மாணவர்களுக்கும் இது உகந்த பயிற்சி.

நபிவழியில்

அறிவில் ஏதோ குறைபாடு இருந்த ஒரு பெண், நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். எந்தத் தெரு உனக்கு வசதியோ அதைச் சொல் என்று அவர்கள் அப்பெண்ணிடமே விட்டுவிட்டார்கள். பிறகு வழியோரத்தில் அவரோடு நின்று, அவருடைய தேவை முடியும் வரை பேசினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. ஒரு சமுதாயத்தையே நடத்திக்கொண்டிருந்தவர்கள், அப்பெண் தேர்ந்த இடத்தில், அப்பெண்ணுக்கு வேண்டிய நேரம் வரை நின்றார்கள்.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அபஸ அத்தியாயம் இறங்கியதை அறிவோம். அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்.

புத்தி சுவாதீனம் இல்லாதவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டது என்று ஹதீஸ் இருக்கிறது. அவருக்குக் கேள்விகணக்கு இல்லை. ஆனால் அவரைப் பற்றி நம்மிடம் கேள்வி உண்டு. அந்த எழுதுகோல் நம்மை விட்டு உயர்த்தப்படவில்லை.

வீட்டில் எழும் தயக்கம்

"வெளியே கூட்டிவந்தால் மற்ற பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வருவது தடைபடும்" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. அதை உண்டாக்கியவர்கள் நாம்தான். பெண் பார்க்கப் போகும் வீட்டில் அத்தகைய பிள்ளை இருந்தால் எழுந்து வருபவர்கள் இருக்கும்வரை அந்தத் தாய் கதவைச் சாத்தத்தான் செய்வாள். ஜமாஅத்தும் ஆலிம்களும் இதை ஜும்ஆ மேடையில் பேச வேண்டும்.

பெண் பிள்ளைகளின் உடை பற்றியும் தயக்கம் வரலாம். கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேசக் குழு 2014 முதல் தலைமறைப்போடு ஆட அனுமதித்திருக்கிறது. போட்டிகளில் பெண்களுக்குத் தனிப் பிரிவுகளும் உண்டு.

இனி நாம் செய்ய வேண்டியவை

1. பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூ.டி.ஐ.டி. அட்டையும் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விளையாட்டில் பங்கேற்பதையும் அச்சட்டம் பேசுகிறது.

2. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் வழங்கும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பயன் உண்டு. 18 வயது கடந்த பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளர் நியமனம் கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

3. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பு தமிழ்நாட்டிலும் இயங்குகிறது. எட்டு வயதிலிருந்து போட்டியில் கலந்துகொள்ளலாம். மேல் வயது வரம்பு இல்லை. அருகிலுள்ள சிறப்புப் பள்ளியில் விசாரியுங்கள்.

4. களத்தில் இறக்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். அவர்கள் தலையால் பந்தை முட்டுவது ஆபத்து.

5. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தயங்காமல் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள்.

அரிசியும் துணியும் கொடுப்பது சதகாதான், அது தொடரட்டும். அஸருக்குப் பிறகு நம் தெருப் பையன்கள் பந்து ஆடும் இடத்தில் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, அவன் காலுக்கு ஒருமுறை பந்தைத் தள்ளிவிடுவதும் சதகாதான். அதற்குப் பணம் தேவையில்லை.

குடும்பத்தோடு பேச: நம் தெருவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? கடைசியாக அவர்களுக்கு ஸலாம் சொன்னது எப்போது?

வல்ல அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைச் சுமக்கும் பெற்றோருக்கு நிறைவான கூலியையும், அவர்களோடு நிற்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.