தோலைத் தூய்மையாக்கும் நாம் தண்ணீரை என்ன செய்தோம்?

 

இன்று நாம் ஒளுச் செய்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? லாரியிலிருந்து! பள்ளிவாசலுக்குப் பின்னால் முன்னோர் வெட்டிய கிணறு இருக்கிறது. அதில் தண்ணீரும் இருக்கிறது. வாயில் வைக்க முடியாததால் மூடி வைத்திருக்கிறோம். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு ஏன் இந்த நிலை?

ஹலாலான தொழில்தான்

மைமூனா (ரலி) அவர்கள் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு செத்துவிட்டது. அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள் (முஸ்லிம்). பதனிட்டால் தோல் தூய்மையாகிவிடும் என்பது மார்க்கச் சட்டம். ஆகவே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதி மக்கள் செய்யும் இந்தத் தொழிலை யாரும் குறை சொல்ல முடியாது. என் சம்பளத்திலும் இந்தத் தோல் காசு இருக்கிறது.

ஆனால் தோலைத் தூய்மையாக்கிய அந்தத் தண்ணீர் என்னவானது?

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு போடுகிறோம். ஊற வைக்கும்போது அந்த உப்பும் இரத்தமும் அழுக்கும் தண்ணீரில் இறங்குகின்றன. முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிடக் குரோமியமும் சேர்கின்றன. இதை அப்படியே வாய்க்காலில் விட்டால் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. அதற்குத் தனி இயந்திரமும் செலவும் வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர்களால்தான் ஊர்க் கிணறுகள் கெட்டன.

நஜீஸ் கலந்து நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் தண்ணீர் நஜீஸாகிவிடும் என்பதில் நான்கு மத்ஹபு இமாம்களும் ஒன்றுபடுகிறார்கள். தோல் தூய்மையாகி ஏற்றுமதியாகிறது. தண்ணீர் நஜீஸாகி நம்மிடமே தங்கிவிடுகிறது.

இழந்தது எவ்வளவு?

வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்ற நபிமொழியை (இப்னு மாஜா) ஓதிய நமக்கு இதை நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் வெட்கம்!

தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (முஸ்லிம்). மக்கள் நீர் எடுக்கும் துறையில் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்றார்கள் (அபூதாவூத்). ஒரு மனிதனின் கழிவுக்கே இந்தச் சட்டம் என்றால், ஓர் ஆலையின் கழிவுக்கு என்ன சட்டம்?

கப்பலில் ஓட்டை

கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட நினைத்த கப்பலை நபி (ஸல்) அவர்கள் உவமையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் (புகாரி). மழை இரவில் கழிவைத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர் போடுவது அந்த ஓட்டைதான். பார்த்தும் பேசாதிருக்கும் நாமும் அதே கப்பலில்தான் இருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

ஆலை வைத்திருப்பவர்களே, தோலை ஊற வைக்கும் முன் உப்பை உதறி எடுங்கள். ஒரு சொட்டுக் கழிவையும் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி விடாதீர்கள். அந்தச் செலவு உங்கள் இலாபத்தைக் குறைக்காது, ஹலாலாக்கும். ஆலை இல்லாதவர்களும் தப்ப முடியாது. குர்பானிக் கழிவை ஆற்றில் கொட்டுவது யார்? வீட்டுச் சாக்கடையை ஓடையில் விடுவது யார்? கழிவைக் குழி தோண்டிப் புதையுங்கள்.

உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள். அவர்கள் ஒரு கிணற்றைக் கொடுத்துச் சுவனத்தைத் தேடினார்கள். நாம் எத்தனை கிணறுகளைக் கெடுத்துவிட்டு அதே சுவனத்தைக் கேட்கிறோம்?

மூடிய நம் கிணற்றை நம் பிள்ளைகள் திறந்து ஒளுச் செய்யும் நாளை வல்ல அல்லாஹ் தருவானாக! அதற்காக உழைக்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக! ஆமீன்.